சின்னக் குரலும் பெரிய சபையும்

பழைய எட்டணா நாணயத்தின் அளவுதான் இருக்கும் அந்த வில்லை. அதை வீணையின் குதிரைக்கு அருகில், குடத்தின் மேற்பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி ஒரு சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஒரு பெரிய பெட்டிக்குப் போய், கடைசியில் மேடையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு நிற்கும் ஒலிபெருக்கிகளில் போய் முடிகிறது. நம் சங்கீதக்காரர்கள் இதைக் கான்டாக்ட் மைக் என்கிறார்கள்; மேல்நாட்டுக் கிதார்க்காரர்கள் பிக்கப் என்கிறார்கள். இவ்வளவு சின்னப் பொருளை வைத்துக்கொண்டு இத்தனை வருஷங்களாக ரசிகர்கள் இத்தனை பெரிய சண்டை போடுவதைப் பார்த்தால், சண்டை வில்லையைப் பற்றியதுதானா என்றே எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஒரு கட்சிக்காரர்கள், "வீணையின் நாதத்தைக் கொன்றுவிட்டார்கள்" என்கிறார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள், "உங்கள் நாதம் எங்களுக்குக் கேட்டால்தானே அதைக் கொன்றார்களா இல்லையா என்று தெரியும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். முதல் கட்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் முன் வரிசைக்காரர்கள் என்பதையும் இரண்டாம் கட்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பின் வரிசைக்காரர்கள் என்பதையும் கவனித்தால், விவகாரத்தில் பாதி விளங்கிவிடும். மிச்சப் பாதி அவ்வளவு சுலபமாக விளங்குவதாயில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த வில்லை என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுச் சமையலறையில் காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர் இருக்கிறதல்லவா? அதை அமுக்கினால் 'டிக்' என்ற சத்தத்துடன் ஒரு பொறி வருகிறது. உள்ளே ஒரு சிறு சுத்தியல் ஒருவகைப் பளிங்குத் துண்டின்மேல் அடிக்கிறது. அடிபட்ட பளிங்கு மின்சாரம் தருகிறது. சில பளிங்குகளை அமுக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும். ஆம், பிற்பாடு மேரி கியூரியின் கணவராகிப் புகழ்பெற்ற அதே பியர்தான். லைட்டரில் பளிங்கை ஓங்கி அடிக்கிறோம். வீணையில் தந்தியின் நடுக்கம் குதிரை வழியாக வந்து அதை மிக மெல்ல அமுக்கி அமுக்கி விடுகிறது. தந்தி ஒரு விநாடிக்கு எத்தனை தடவை நடுங்குகிறதோ அத்தனை தடவை மின்சாரமும் நடுங்கும். அதைப் பெருக்கினால் சத்தம்.

மின்சாரக் கிதாரில் இருப்பது வேறு வகை. அங்கே காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் இருக்கும். மேலே எஃகுத் தந்தி அசைந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும். எஃகை அறியும் காந்தம் பித்தளையையும் வெண்கலத்தையும் அறியாது. வீணையிலோ சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் எஃகு. கீழ் ஸ்தாயித் தந்திகளுக்கு வேறு உலோகத்தையும் கலந்து போடுகிற வழக்கம். ஆகவே வீணைக்குப் பொருந்தியது பளிங்கு வில்லைதான். தந்தி எந்த உலோகமாயிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மரம் அசைந்தால் போதும்.

வீணைக்கு இந்த உதவி ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். வீணைக்கு இரண்டடி தூரத்தில் இருப்பவர் கேட்பதில் நூறில் ஒரு பங்குதான் இருபதடி தூரத்தில் இருப்பவரை எட்டும். சுவர்களும் கூரையும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் என்றாலும், அருகில் மிருதங்கமும் கடமும் இருந்தால் அந்தக் கொஞ்சமும் அடிபட்டுப் போகும். சென்னை மியூசிக் அகாடமியின் அரங்கம் 1962-ல் திறக்கப்பட்டது. சுமார் 1,600 பேர் உட்காரலாம். பலா மரத்தைக் குடைந்து வீணை செய்த தஞ்சாவூர் ஆசாரி எவரும் தம் கைவேலையை 1,600 பேர் ஒரே சமயத்தில் கேட்கப்போகிறார்கள் என்று எண்ணி உளியை எடுத்திருக்க மாட்டார்.

"அப்படியானால் மைக்குக்கு முன்னாலேயே வைத்து வாசிக்கலாமே, ஒட்டுவானேன்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எதிரே நிற்கிற மைக் காற்றில் வருகிற எல்லாவற்றையும் கேட்கிறது. வீணையின் சத்தத்தைப் பெருக்குவதற்காக அதன் காதைக் கூர்மையாக்கினால், பக்கத்து மிருதங்கத்தையும் கேட்கும். ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வரும் வீணையையே மறுபடியும் கேட்கும். கேட்டதைப் பெருக்கி, பெருக்கியதைக் கேட்டு, கடைசியில் சபை முழுவதும் ஓர் ஊளைச் சத்தம் எழும். கல்யாண வீடுகளில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒட்டிய வில்லை காற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மரம்தான் உலகம்.

அதற்கு மரம்தான் உலகம் என்பதிலேதான் தகராறும் இருக்கிறது.

ஆட்சேபிக்கிறவர்களில் ஒரு சாரார் மின்சாரமே கூடாது என்கிறவர்கள். இவர்களுக்குப் பதில் சொல்வது எளிது. வாத்தியங்களை உரக்கப் பேச வைக்கும் ஆசை மின்சாரத்துக்கு மிக முந்தியது. 1737-ல் காலமான இத்தாலிய மேதை ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களை இன்று தெய்வப் பிரதிமை மாதிரி போற்றுகிறார்கள். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அவர் செய்தபடி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும், அரண்மனை அறைகள் போய்ப் பெரிய சங்கீத மண்டபங்கள் வந்தபோது, அவற்றின் கழுத்தை நீட்டிச் சாய்த்தார்கள். உள்ளே இருந்த மரச் சட்டத்தை எடுத்துவிட்டுப் பலமான சட்டம் வைத்தார்கள். எல்லாம் சத்தத்துக்காக. 1899-ல் ஸ்ட்ரோ என்பவர் வயலினின் மர உடம்பையே எடுத்துவிட்டுக் கிராமபோன் மாதிரி ஓர் உலோகக் குழாயை வைத்தார். பார்ப்பதற்கு விகாரம், ஆனால் அந்தக் காலத்து இசைத்தட்டுக் கூடங்களில் அது நன்றாகவே பிழைத்தது.

நம் ஊரிலும், 1930-களில் பாட்டுக் கச்சேரிக்கு மைக் வந்தது. அதற்கு முன் பாடகருக்கு வேண்டிய முதல் யோக்கியதை, கடைசி வரிசைவரை போகும் சாரீரம். கிட்டப்பாவின் குரல் நாடகக் கொட்டகையில் எப்படி எட்டுத் திக்கும் போயிற்று என்று கிழவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மைக் வந்த பிறகுதான் தாழ்ந்த சுருதியில், அவசரமின்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறவர்களுக்கும் பெரிய சபையில் இடம் கிடைத்தது. எம்.டி. ராமநாதனுடைய ஆழ்ந்த, மெதுவான சங்கீதத்தை மைக் இல்லாத பெரிய மண்டபத்தில் நினைத்துப் பார்க்க முடிகிறதா? என்னால் முடியவில்லை. அதை நஷ்டம் என்று யாராவது சொல்வார்களானால் அவர்களோடு எனக்கு வழக்கில்லை, வேறு பேச்சுப் பேசலாம்.

இன்னொரு சாரார் சொல்வது கனமானது. "மைக் நம்மைப்போல் காற்றின் வழியாகக் கேட்கிறது. இந்த வில்லை அப்படிக் கேட்பதில்லை. ஆகவே நாங்கள் கேட்பது வீணையே அல்ல" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. வீணையின் நாதம் குதிரையில் பிறந்து முடிந்துவிடுவதில்லை. குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டில் தந்தி உரசி, மேற்பலகை அதை வாங்கி, குடத்துக்குள்ளிருக்கும் காற்று அதைச் சுற்றிவிட்டு, தண்டியும் கொஞ்சம் தன் பங்கைச் சேர்த்து, இவ்வளவு பேரும் காற்றில் கலந்த பிறகுதான் நாம் வீணை என்று சொல்லுகிற ஒலி உண்டாகிறது. வில்லையோ ஊர் கூடிப் பேசுவதில் ஒரே ஒருவருடைய சாட்சியத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகிறது. குதிரைக்கு மிக அருகே ஒட்டினால் கீச்சென்று கம்பியின் சத்தம் மிகும். தள்ளி ஒட்டினால் மந்தமாகும். சாமர்த்தியசாலிகள் அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்திப் பார்த்து ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதுவும் ஒவ்வொரு வீணைக்கும் ஒவ்வோர் இடம்.

வைத்தியர் நம் மார்பில் குழாயை வைத்துக் கேட்கிறார். அவருக்குக் கேட்பது நம் இதயம்தான், பொய்யல்ல. ஆனால் அது நாம் பேசுகிற பேச்சு அல்ல. கான்டாக்ட் மைக் வாத்தியத்துக்கு வைத்த வைத்தியக் குழாய். விரல் தந்தியின்மேல் வழுக்கும்போது எழும் சிறு கிறீச்சு, மெட்டில் நகம் பட்ட 'டக்', தாளத் தந்தியில் சுண்டு விரல் தவறிப் பட்டது, எல்லாம் அதற்குக் கேட்கும். வாசிப்பவருக்கும் வாத்தியத்துக்கும் இடையே மட்டும் இருந்த எத்தனையோ சிறு அந்தரங்கங்களை அது ஆயிரம் பேருக்குச் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் நாவல் எழுதுகிற நான் கொஞ்சம் அடக்கிப் பேச வேண்டும். கதாநாயகி கூடத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, "சௌக்கியந்தான்" என்று ஒரு வார்த்தை சொல்கிறாள். காற்றில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவள் மனசில் ஓடியதை இரண்டு பக்கம் எழுதி உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்களும், "அவளைப் பற்றி இப்போதுதான் உண்மை தெரிந்தது" என்று பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். நாவலும் ஒட்டவைத்த வில்லைதான். ஆகவே, உள்ளே கேட்பதெல்லாம் போலி, வெளியே கேட்பதே நிஜம் என்று நான் சொல்லிவிட்டால் என் பிழைப்பு என்ன ஆவது?

நிஜமான வீணை ஒலி என்று ஒன்று உண்டா என்பதே சந்தேகம். மடியில் வைத்து வாசிப்பவர் கேட்பது ஒன்று. நாலடி தூரத்தில் இருப்பவர் கேட்பது ஒன்று. பதினைந்தாம் வரிசைக்காரர் கேட்பது வேறொன்று. இதில் எது அசல்? முன் வரிசைக்காரர் தமக்குக் கேட்டதே அசல் என்கிறார். அதற்கு அவர் கையிலுள்ள டிக்கெட்டைத் தவிர வேறு ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. பொய் என்றால் என்ன? இல்லாததை இருப்பதாக ஒருவரை நம்பச் செய்வது. மேடையில் கம்பி தெரிகிறது, பெட்டி தெரிகிறது, ஒலிபெருக்கி தெரிகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆகவே வாசிப்பவர் பொய் சொல்லவில்லை. ஆயினும், வீணையை ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு குழந்தை, ஒருநாள் நிஜ வீணைக்கு எதிரே உட்கார்ந்து, "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்கிறது பாருங்கள், அங்கே ஒரு பொய் நடந்திருக்கிறது. யாரும் சொல்லாத பொய். இந்த வேலையைத் தொடங்கிவைத்தது இந்த வில்லை அல்ல. ரேடியோவும் இசைத்தட்டும் சினிமாவும் எப்போதோ தொடங்கிவிட்டன. 1938-ல் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கிய பிறகு, வீணையைப் பக்கத்தில் வைத்த மைக்கின் காதால்தான் தமிழ்நாடு கேட்டுப் பழகியது. 1964-ல் வந்த 'கலைக்கோயில்' படத்தில் சிட்டிபாபு வாசித்த வீணை கொட்டகை முழுவதும் நிரம்பி வழிந்தது. அதைக் கேட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போனவர்கள் பலருக்கு, மேடையில் இருந்த வீணை எங்கோ அடுத்த தெருவில் இருப்பதுபோல் தோன்றியிருக்கும்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் சின்னப் பையனாக அவர் சென்னைக்கு வந்தபோது கையில் இருந்தது மின்சார மாண்டலின். மாண்டலினை மின்சாரமின்றி மீட்டினால் ஒலி உடனே செத்துவிடும். நம் கமகத்துக்கு அது தாங்காது. மின்சாரம் அதற்கு மூச்சுக் கொடுத்தது. முதலில் முணுமுணுத்த ரசிகர்களும் பிறகு அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவரிடம், "பழைய நாதம் எங்கே?" என்று யாரும் அதிக நாள் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த வாத்தியத்தைப் பற்றி நமக்குப் பழைய ஞாபகம் எதுவும் இல்லை. வீணை விஷயத்தில் ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகத்தின் பெயர் தனம்மாள்.

1867-ல் பிறந்து 1938-ல் மறைந்த வீணை தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைப் பற்றி ஒரு புராணமே உண்டு. சிறிய அறை. பெரிய பெரிய வித்வான்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். இருமக்கூட அஞ்சுவார்கள். சத்தம் குறைந்த வாசிப்பு. அந்தக் குறைந்த சத்தத்தை நோக்கி அறை முழுவதும் சாய்ந்திருக்கும். கான்டாக்ட் மைக்கை எதிர்க்கிறவர்கள் மனசில் இருப்பது அந்த அறைதான். கேட்பதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும், அந்தப் பாட்டில்தான் ரசனை பிறக்கிறது என்பது அவர்கள் கட்சி. மேல்நாட்டிலும் இதே கட்சி இருந்தது. ஸ்பெயின் தேசத்துக் கிதார் மேதை செகோவியா, 1987-ல் காலமாகும்வரை, எவ்வளவு பெரிய மண்டபமானாலும் ஒலிபெருக்கியை ஏற்கவில்லை. சபையே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அவருக்குப் பிந்திய தலைமுறையின் ஜான் வில்லியம்ஸ், வெளிப்படையாக ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு அதே கிதாரை வாசித்தார். இரண்டு பேரும் கௌரவமானவர்கள்.

தனம்மாளின் அறையை நானும் மனசால் போற்றுகிறேன். ஆனால் அந்த அறையில் எத்தனை பேருக்கு இடம் இருந்தது என்ற கேள்வியையும் விட முடியவில்லை. மெல்லிய குரலுக்கு ஒரு விலை உண்டு. அருகில் போக முடிந்தவர்கள்தான் அதைக் கொடுக்க முடியும். டிராம் ஏறி வந்து, சங்கீதத்தில் பித்துப்பிடித்து, வாசலில் நிற்கவும் தயங்கிய குமாஸ்தாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை என்ன கொடுத்தது?

இன்னொன்றும் உறுத்துகிறது. நம் பத்திரிகைக் கதைகளில் அரை நூற்றாண்டு காலம் பெண் பார்க்கும் படலம் என்றால் வீணை உண்டு. "ஒரு கீர்த்தனம் வாசி அம்மா" என்பார்கள். அவள் தலைகுனிந்து வாசிப்பாள். கூடத்தைத் தாண்டாத சத்தம். அது அடக்கம் என்று வர்ணித்திருக்கிறோம். கல்யாணமானதும் அந்த வீணை உறை போட்டுப் பரண்மேல் ஏறும். அதையும் உருக்கமாக வர்ணித்திருக்கிறோம். மெல்லிய குரல்தான் அழகு என்று புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் உரத்த குரலுடையவர்களாக இருந்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. வீணையின் மென்மையைக் காக்க வேண்டும் என்று ஒருவர் மேடையேறி மேஜையைக் குத்திப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடம் ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். இளம் வயதில் சபைகளில் வாசித்தவர்; நடுவில் முப்பது வருஷம் பிள்ளைகள், சமையல், மாமனார், மாமியார். நாலைந்து வருஷங்களுக்கு முன் பேரன் இந்த வில்லையை வாங்கி வந்து அவர் வீணையில் ஒட்டிக் கொடுத்தான். நவராத்திரிக்குக் கோவிலில் வாசித்தார். பிறகு நான் பார்க்கப் போயிருந்தபோது, மின்சாரம் எப்படி என்று கேட்டேன்.

"இது பெரிசா கத்தறதுக்குன்னுதானே எல்லாரும் நெனைக்கறா? எனக்கு நேர்மாறா இருந்துது" என்றார். "அந்த நாள்ல ஹால்ல கேக்கணுமேன்னு தந்தியை வெடுக்கு வெடுக்குன்னு இழுத்து மீட்டுவேன். கேட்டுது; ஆனா வீணையா கேக்கல, கம்பியா கேட்டுது. ஆத்துல தனியா வாசிக்கற மாதிரி ஒருநாளாவது சபையில வாசிக்கணும்னு இருந்துது. முந்தாநாள்தான் வாசிச்சேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. பலமாக மீட்டினால் தந்தியின் குணமே மாறும் என்பது வாஸ்தவம். வீச்சு அதிகமானால் சுருதிகூடக் கணநேரம் மேலேறி இறங்கும். பெரிய சபை வீணைக்காரரை உரக்கப் பேச நிர்ப்பந்தித்தது. இயந்திரம் வந்து, "நீங்கள் மெல்லவே பேசலாம்" என்று சொல்லியிருக்கிறது. ஒரு தடவை மீட்டி, அந்த ஒலி அடங்குவதற்குள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து நாலைந்து ஸ்வரங்களை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக் காட்டலாம். முன்பு அந்த வாலில் பாதி காற்றோடு போய்விடும். இப்போது கடைசி வரிசைக்காரரும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போகிறார். இது சங்கீதத்துக்கு லாபமே தவிர நஷ்டமென்று நான் சொல்ல மாட்டேன்.

மாமி அதோடு நிறுத்தவில்லை. "ஆனா அடுத்த கச்சேரி கேளுங்கோ" என்றார். அடுத்தது ஒரு சபாவில். ஒலிப்பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த பையன் வீணையை ஏற்றினான். உடனே மிருதங்கக்காரர், தமக்குக் கேட்கவில்லை என்று கையைக் காட்டினார், அதை ஏற்றினான். கடக்காரர் காட்டினார். மறுபடி வீணை. "கடைசியில நாங்க வாசிச்சுண்டிருந்தோம், அவன் கச்சேரி பண்ணிண்டிருந்தான்" என்று சிரித்தார். கொஞ்சம் குறையுங்கள் என்று இவர் சொன்னதற்கு, "சபைக்குப் பத்தாது மாமி" என்று பதில் வந்ததாம். அவனுக்கு இவருடைய பேத்தி வயதுகூட இருக்காது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. வீணை தன் பலத்தில் மட்டும் நின்ற காலத்தில், பக்கத்தில் உட்காரும் மிருதங்க வித்வானுக்கு ஒரு கடமை இருந்தது. அவர் கையைத் தணித்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியால் வாசிக்க வேண்டும். வீணைக்கு வாசிக்கத் தெரிந்தவர் என்று ஒரு மிருதங்கக்காரரைச் சொன்னால் அது தனிக் கௌரவம். ரசிகர்களுக்கும் கடமை இருந்தது: வெற்றிலைப் பெட்டியை மூடும் சத்தத்தைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். பலவீனமான ஒருவர் நடுவில் இருந்ததால் மற்ற எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். பலவீனத்தை இயந்திரம் தீர்த்துவைத்தது. மரியாதைக்கு வேலையில்லாமல் போயிற்று. வீட்டில் தூங்கும் குழந்தை இருந்தால் எல்லோரும் தணிந்து பேசுகிறோம். குழந்தை எந்தச் சத்தத்திலும் தூங்கப் பழகிவிட்டால் வீடு சந்தையாகிவிடுகிறது.

இதற்கும் ஒரு மறுமொழி உண்டு என்று எனக்குத் தெரியும். பலவானின் தயவில் எத்தனை நாள் பிழைப்பது? மிருதங்கக்காரர் தணிந்து வாசித்தால் சரி, தணியாவிட்டால்? தயவு வேறு, உரிமை வேறு. மருமகளின் மெல்லிய குரல் வீட்டில் கேட்க வேண்டும் என்றால் மாமனார் இருமலை நிறுத்த வேண்டும் என்றிருந்த காலத்தைவிட, அவளே தன் குரலைக் கேட்கும்படி பேசிக்கொள்கிற காலம் மேல்தான். இந்த மறுமொழிக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. ஆனால் அந்தக் குரலை எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்கிற திருகாணி அவள் கையில் இருக்கிறதா, பெட்டிக்கு முன்னால் இருக்கிற பையன் கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாமிக்குக் கிடைத்தது குரல்தான், திருகாணி கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் பல வைணிகர்கள் தங்கள் சிறு பெட்டியைத் தங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாசிப்பதைப் பார்க்கிறேன். கை எட்டும் தூரத்தில். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தம்பூராவின் கதியையும் சொல்லிவிடுகிறேன். 1970-களின் இறுதியில் மின்சார சுருதிப் பெட்டி வந்தபோது, தம்பூரா கிடைக்காதபோது உதவும் என்றுதான் சொன்னார்கள். இன்று எத்தனையோ மேடைகளில் பெட்டி ஒலிக்கிறது. தம்பூரா வந்தால் அது அலங்காரத்துக்கு. பல வீடுகளில் பிள்ளைகளுக்கு நாலு தந்திகளைச் சுருதி கூட்டத் தெரியாது. வீணைக்கும் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. குடமே இல்லாமல் மடக்கிப் பெட்டிக்குள் வைக்கும் மின்சார வீணைகள் வந்துவிட்டன. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வசதி. விமானத்தில் குடம் உடையுமே என்ற பயமில்லை. வில்லைக்கு மரம்தான் உலகம் என்றேனே, இதற்கு அந்த மரமும் அவ்வளவாக வேண்டியதில்லை. பலா மரம் வாங்கி, மெழுகில் இருபத்து நாலு மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்கிற தஞ்சாவூர்க்காரர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சபா விவாதங்களில் யாரும் கேட்பதில்லை.

மாமியிடம் ஒரு சிறுமி கற்றுக்கொள்ள வருகிறாள். சபைகளிலும் கைப்பேசியிலும் நிறைய வீணை கேட்டவள். வீட்டில் வில்லையைப் பொருத்துவதில்லை. ஒரு நாள் மாமி ஒரே மீட்டில் காந்தாரத்தை இழுத்துக் காட்டிவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தார். சிறுமி, "ஆச்சா மாமி?" என்று கேட்டாள். ஆகவில்லை, தந்தி இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாமி அவளைக் கிட்டே இழுத்து, குடத்தின்மேல் காதை வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே ஒரு வாரம் பாடம் நடந்தது. பிறகு ஒரு சாண் தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு ஒரு முழம். இப்போது அவள் கூடத்தின் மறு கோடியில் உட்கார்ந்து, எப்போது ஒலி அடங்கிற்று என்று கையைத் தூக்கிக் காட்டுகிறாள். மாமியைவிட அவள்தான் சில சமயம் தாமதமாகக் கையைத் தூக்குகிறாளாம்.

சென்னையில் சில வருஷங்களாகச் சிறு கூடங்களில் மைக் இல்லாத கச்சேரிகளும் நடக்கின்றன. நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கூடங்கள். அப்படி ஒன்றில் மாமியை வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று தெருக்காரர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். மிருதங்கத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் நேரம் போகிறது. மாமி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மின்விசிறிகளை நிறுத்திவிட வேண்டும். மார்கழியில் தேதி கிடைத்தால் கஷ்டமில்லை. ஆனால் மார்கழியில் கூடம் கிடைக்காது என்கிறார்கள். சித்திரையில்தான் காலி இருக்கிறதாம். விசிறி இல்லாமல் சித்திரையில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.